கரைக் கோஷ்டியும் குளத்துக் கோஷ்டியும்

முல்லைத்தீவுக் கரைப்பக்கத்தில் ஒரு இசைக் கோஷ்டி இருந்தது. கிளிநொச்சியில் எங்கள் குளத்தடிக் குடியேற்றத்தில் இன்னொன்று இருந்தது. இரண்டுக்கும் நோட்டீசில் அச்சடித்த பளபளப்பான பெயர்கள் உண்டு. சனம் அந்தப் பெயர்களை ஒருநாளும் சொன்னதில்லை. கரைக் கோஷ்டி, குளத்துக் கோஷ்டி, அவ்வளவுதான். இரண்டில் எது பெரிது, எது எப்போது தன் உச்சத்தில் நின்றது என்ற தர்க்கத்தில் நான் நாற்பது வருடமாக வாயைக் கொடுத்து வந்திருக்கிறேன். பலர் பதில் சொல்லாமல் எழுந்து போயிருக்கிறார்கள். நான் நிறுத்தியதில்லை.

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் குளத்து நீர்மட்டம் பார்த்து எழுதும் உத்தியோகத்தில் இருந்தவன். எண்ணிப் பாராமல் எதையும் நம்ப எனக்கு வராது. பாட்டையும் அப்படித்தான் கேட்டேன். ஒரு நிமிடத்தில் டிரம் எத்தனை தட்டுத் தட்டுகிறது, கிற்றார்க்காரன் எத்தனை இடத்தில் பிழைவிடுகிறான், பாடகன் எந்த வரியில் மூச்சுக்குத் திணறுகிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது பெரிய தொல்லை. என் மனைவி என்னுடன் பாட்டுக் கேட்க வருவதைக் கலியாணமான இரண்டாம் வருடமே விட்டுவிட்டாள்.

கோவில் திருவிழாவில் இரண்டு மேளக் கூட்டங்கள் சந்தித்தால் மாறி மாறி வாசித்து ஒருவரையொருவர் அடக்கப் பார்ப்பார்கள். அதைச் சமா என்போம். மின்சாரக் கிற்றார் பிடித்த பெடியள் அந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கோவில் வீதியில் இரண்டு மேடை எதிரெதிராகப் போடுவார்கள். நடுவில் மணலில் சனம் இருக்கும். ஒரு கோஷ்டி ஒரு பாட்டுப் பாடி முடித்ததும் மற்றது தொடங்கும். சனம் எல்லாம் மற்றப் பக்கம் திரும்பி இருக்கவேண்டும். திரும்பாமல் இருந்தால், உன் பாட்டை நான் கேட்கவில்லை என்று அர்த்தம். கையை உயர்த்தி வாக்கெடுக்கத் தேவையில்லை, முதுகை எண்ணினால் போதும். நான் எண்ணினேன். வேறு யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. ஆகவே என் கணக்கை மறுக்கவும் ஆளில்லை.

கரைக் கோஷ்டியில் ஐந்து பேர். அவர்களுடைய உயிர் டிரம்மில் இருந்தது. அதை அடித்தவர் தண்ணீரூற்றைச் சேர்ந்த முஸ்லிம் இளைஞர். சினிமாப் பாட்டைத்தான் பாடுவார்கள். ஆனால் அவர் அடிக்கத் தொடங்கியதும் அந்தப் பாட்டுக்கு இடுப்பு முளைத்துவிடும். கரைவலை இழுக்கும் சனத்தின் காலடி அந்த அடியில் இருக்கிறது என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பல வருடம் கழித்து அவரிடமே அதைச் சொன்னபோது, தான் வாழ்க்கையில் வலை இழுத்ததே இல்லை, தகப்பனின் கடையில் அரிசி மூட்டையில் தட்டிப் பழகியதுதான் என்றார். என்னுடைய நல்ல விளக்கங்களில் ஒன்று அதோடு போயிற்று.

குளத்துக் கோஷ்டியில் ஆறு பேர். பேஸ் கிற்றாரை எங்கள் ஊர்த் தச்சர் முதிரைப் பலகையில் செய்துகொடுத்தார். அதைத் தோளில் மாட்டியவன் மூன்றாம் பாட்டில் கதிரை கேட்பான். சுருதி ஒழுங்காகச் சேராது. பாடகனுக்கு மேடைக் கூச்சம். ஆனால் அவர்கள் தங்களுடைய பாட்டையே பாடினார்கள். வாய்க்கால், உழவு இயந்திரம், யாழ்ப்பாணத்திலிருந்து காணி தேடி வந்த தகப்பன்மார், தங்களைக் கவனியாத பெட்டையள். எழுதியவனும் பாடியவனும் ஒருவனே. அவன் என் மனைவியின் தம்பி. அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். தாய் காய்ச்சலில் போனபின் அவனைத் தூக்கி வளர்த்தவள் என் மனைவி.

மச்சினன் என்பதற்காக நான் பக்கம் சாய்ந்ததில்லை. முதுகுக் கணக்கில் கரைக் கோஷ்டி தொடர்ந்து மூன்று திருவிழா வென்றது. அதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே சொன்னேன். மச்சினன் சிரித்தான். மனைவி எனக்குக் குழம்பு விடவில்லை.

ஒரு குளத்தின் உச்சம் எது என்று என் தொழிலில் கேட்டால் பதில் சுலபம். கொள்ளும் மட்டும் கொண்டு, அதற்குமேல் வைத்திருக்க முடியாமல், மிஞ்சிய தண்ணீர் வழியும் வாயிலான வான் பாயும் நாள்தான் உச்சம். கரைக் கோஷ்டி மூன்று மாரி வான் பாய்ந்தது. குளத்துக் கோஷ்டியில் தண்ணீர் நின்றது, ஏறியது, வானைத் தொடவில்லை. அப்படி நான் தீர்ப்பெழுதியிருந்த காலத்தில் எனக்கு மன்னார்ப் பக்கம் இடமாற்றம் வந்தது. நான்கு வருடம் அங்கே இருந்தோம். தெருக்கள் மோசமாக, வந்துபோவது குறைந்தது. மச்சினனின் கடிதத்தில் புதிதாக ஒரு பாட்டுச் செய்திருப்பதாக ஒரு வரி இருந்தது. ஒரு திருவிழாவில் அதைப் பாடினார்களாம். நாங்கள் கேட்கவில்லை.

அதற்கடுத்த மாதங்களில் முஸ்லிம் சனங்களை வடக்கைவிட்டுப் போகச் சொன்னார்கள் இயக்கக்காரர். தண்ணீரூற்றில் கடைகளும் வீடுகளும் கதவு சாத்திய மாதிரியே நின்றன. டிரம் அடித்தவர் குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போனார். கரைக் கோஷ்டி அதோடு நின்றது. நாங்கள் ஒருவழியாக ஊர் திரும்பிய அன்றே, அவனைக் காண முன்னர், சந்தைக்குப் போன மச்சினன் விமானக் குண்டில் செத்தான். வயது இருபத்திரண்டு. குளத்துக் கோஷ்டியும் நின்றது. பேஸ் அடித்தவன் செத்தவீட்டுக்கு வந்து, ஒரு கசெற்றை என் மனைவியின் கையில் வைத்துவிட்டுப் போனான். பயிற்சியின்போது பதிந்த அந்தப் புதுப் பாட்டு அதில் இருந்தது. ஒரேயொரு பாட்டு.

அப்போது மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் சனம் பாட்டுக் கேட்ட விதம் இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின் சில்லில் டைனமோவைப் பொருத்தி, அதிலிருந்து வயர் இழுத்து ரேப் ரெக்கோடருக்குக் கொடுப்போம். ஒருவர் மிதிக்கவேண்டும். மிதித்தால் பாட்டு, நிறுத்தினால் இல்லை. சினிமாப் பாட்டென்றால் அயல் பெடியள் முறைவைத்து ஏறி மிதிப்பார்கள். வேகம் குறைந்து பாட்டு இழுபட்டால் சுற்றியிருப்பவர்கள் ஏசுவார்கள், மிதிக்கிறவன் எழும்பி நின்று மிதிப்பான். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. எங்கே நிற்கவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

தம்பியின் கசெற்றுக்கு மட்டும் என் மனைவி யாரையும் சைக்கிளைத் தொடவிடவில்லை. பக்கத்தில் பலகைக்கட்டையைப் போட்டு இருந்துகொண்டு, பெடலைக் கையால் பிடித்துச் சுற்றினாள். அவளுக்குக் கைத் தையல் மெசினில் பல வருடப் பழக்கம். நூல் அறாமல், ஊசி பாயாமல் ஒரே சீராகச் சுற்றும் கை. பாட்டு ஒரு இடத்திலும் தளம்பவில்லை.

பாட்டு எழும்பு என்ற சொல்லில் தொடங்கும். தண்ணி வந்திட்டுது, எழும்பு, போவம். இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வரும். டிரம் மிக மெதுவாக, ஒவ்வொரு அடிக்கும் நடுவில் யாரோ வாசலில் நின்று யோசிப்பது போல விழும். அதன்மேல் ஆழமான, தடித்த குரல். நான்கு வருடம் தள்ளியிருந்ததில் பெடியன் முற்றிவிட்டான் என்று நினைத்தேன். மனைவியும் முதல் நாள் குரல் தடிச்சிருக்கு என்றாள். பிறகு அவளே, மைக்கில் பாடினால் அப்பிடித்தான் கேக்கும் என்றாள். அதன்பின் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. அவள் அழுததும் அன்றைக்குத்தான், செத்தவீட்டில் அழவில்லை.

நான் என் தீர்ப்பை மாற்றி எழுதினேன். கரைக் கோஷ்டி மூன்று மாரி வான் பாய்ந்தது உண்மை. ஆனால் எங்கள் பகுதியில் ஒரு கோஷ்டிக்கும் இப்படி மெதுவாகப் பாடத் துணிவு இருந்ததில்லை. திருவிழாச் சனத்தின் நடுவில், விசில் அடிக்கும் பெடியளின் முன்னால், செத்தவனை எழுப்புகிற மாதிரி ஒரு பாட்டை வைத்தான் என் மச்சினன். அந்த ஒரு பாட்டு மூன்று மாரிக்கும் மேல். அவனுக்குத் தன் சாவு தெரிந்திருக்கிறது என்றுகூடச் சிலரிடம் சொன்னேன். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள்.

பாட்டு ஊரில் பரவியது. எங்கள் முற்றத்துக்கு வந்து கேட்டவர்கள் அதைத் தங்கள் வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு செத்தவீட்டில் யாரோ பாடினார்கள், பிறகு அது வழக்கமாயிற்று. தேவாரம் முடிந்து பெட்டியைத் தூக்கும் முன்னர், எழும்பு, போவம் என்று பெண்கள் பாடினால் ஆண்கள் முகத்தைத் திருப்புவார்கள். பெரிய இடப்பெயர்வில் கசெற் எங்கோ விழுந்துபோயிற்று. ரெக்கோடரும் சைக்கிளும் அதே கிழமை போயின. அதன்பின் அந்தப் பாட்டு என் மனைவியின் வாயில்தான் இருந்தது. தம்பியின் திவசத்தன்று படையல் வைத்தபின் ஒருதரம் பாடுவாள். ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் மெதுவாக. நாங்கள் கடைசிச் சண்டையில் மாத்தளன் பக்கம் போய், முகாமில் இருந்து, திரும்பிவந்து, தகரக் கொட்டிலில் இருந்து, வீட்டுத்திட்டத்தில் இந்த வீட்டைக் கட்டியதற்கும் இடையில் ஒரு வருடம்கூட அவள் அதை விடவில்லை. படையலுக்கு ஒன்றும் இல்லாத வருடத்தில் பாட்டு மட்டும் இருந்தது.

போன வருடம் எங்கள் வாசிகசாலைக்காரர் ஆண்டுவிழாவுக்கு இரண்டு கோஷ்டியின் பாட்டுகளையும் திரும்ப மேடையேற்ற நினைத்தார்கள். ஆள் தேடியதில் கரைக் கோஷ்டியில் இரண்டு பேர் அகப்பட்டார்கள். ஒருவர் பாடகர், இப்போது பேரப்பிள்ளைகள் ஏழு. மற்றவர் டிரம் அடித்தவர். புத்தளத்திலிருந்து திரும்பி வந்து தண்ணீரூற்றில் சின்னக் கடையும் கொஞ்ச வயலும் வைத்திருந்தார். குளத்துக் கோஷ்டியில் ஊரில் ஒருவரும் மிச்சமில்லை. மூன்று பேர் இறந்துவிட்டார்கள், மூன்று பேர் வெளிநாட்டில். ஆகவே குளத்துப் பாட்டையும் கரைக்காரரே பாடவேண்டும். அதற்கு என் மனைவியிடம் சம்மதம் கேட்க டிரம் அடித்தவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

என்னைவிட எட்டு வயது இளையவர், ஆனாலும் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி நானும் அவரை, முஸ்லிம் சனம் அண்ணனைக் கூப்பிடும் முறையில், நானா என்றுதான் கூப்பிட்டேன். தாடி முழுக்க வெள்ளை. கதிரையில் இருந்ததும் முழங்காலைப் பிடித்துவிட்டார். இப்படிப்பட்ட முழங்காலோடு டிரம்முக்கு முன்னால் இரண்டு மணித்தியாலம் எப்படி இருக்கப்போகிறார் என்று எனக்குக் கவலை பிடித்தது. மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவர் விஷயத்தைச் சொன்னார்.

"பாடுங்கோ. ஆனால் அவன் பாடின மாதிரியே பாடவேணும். ஆட்டத்துக்கு அடிச்சுக் கெடுக்கப்படாது" என்றாள்.

நானா சிரித்தபடி, ஆட்டத்துக்கு அடிக்காமல் அந்தப் பாட்டை எப்படி அடிப்பது என்று கேட்டார். அவள் விளங்காமல் என்னைப் பார்த்தாள். நான் விளக்கினேன். அந்தப் பாட்டின் பெருமையே அதன் நிதானம்தான், உங்கள் கோஷ்டிக்கு வராத நிதானம் அது, நாற்பது வருடத்துக்கு மேல் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தவன் சொல்கிறேன் என்றேன். மனைவி தாழ்ந்த குரலில் முதல் இரண்டு வரியைப் பாடியும் காட்டினாள்.

நானா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அக்கா, இது ஆரின்ரை பாட்டு?"

"என்ரை தம்பியின்ரை."

"சொல்லுகள் அதுதான். பாட்டு இதில்லை." அவர் என்னைப் பார்த்தார். "ஐயா, வான் பாயேக்கை பெடியள் மீன் பிடிக்க ஓடுவாங்கள் அல்லோ. விடியப்புறம் சிநேகிதனைத் தட்டி எழுப்பி, தண்ணி வந்திட்டுது, எழும்பு, போவம் எண்டு. அந்த ஓட்டம்தான் பாட்டு. நீங்கள் பாடுறது பாடை தூக்கிற மாதிரிக் கிடக்கு."

எனக்குக் கோபம் வந்தது. இரத்த அழுத்தக் குளிசை அன்றைக்குப் போட்டிருந்தேனா என்பதும் நினைவில்லை. கரைக்காரர் எதையும் ஆட்டத்துக்கான பைலாவாகத்தான் கேட்பார்கள் என்றேன். அவர் கோபிக்கவில்லை. அந்தத் திருவிழாவில் எதிர் மேடையில் இருந்தது தான்தான் என்றார். எதிர்க்கோஷ்டியின் உத்தியைத் திருடுவதற்காக ஒவ்வொரு சமாவிலும் அவர்கள் இரகசியமாக ரெக்கோடரை ஓடவிடுவார்களாம். அன்றும் விட்டார்களாம். அந்தப் பாட்டு முடிந்து தங்கள் முறை வந்தபோது சனம் திரும்பவில்லையாம். ஒருவரும் திரும்பவில்லை என்று சொன்னார். புத்தளத்துக்குப் போன அன்று கையில் எடுத்துக்கொண்ட உடுப்புப் பையில் அந்தக் கசெற் இருந்தது. முகாமில் சில்லறைக் கடை வைத்த பிறகு ஒருநாள் கடையில் போட்டுக் கேட்டார். இப்போது மகன் அதைப் போனில் ஏற்றி வைத்திருக்கிறான்.

"நாங்கள் தோத்த நாளின்ரை பாட்டு, ஐயா. அதைப் பிழையாய்ப் பிடிச்சு வைப்பனோ?" என்றார்.

அவர் அடுத்த கிழமை மகனின் போனோடு வந்தார். மனைவி குசினியில் இருந்தாள். கூப்பிட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். போனை மேசையில் வைத்து அழுத்தினார்.

முதலில் சனத்தின் சத்தம். பிறகு டிரம். நான் வழக்கம்போல எண்ணத் தொடங்கி, பத்துத் தட்டுக்குள் விட்டுவிட்டேன். அது ஓடியது. கிற்றார் அதைத் துரத்தியது. பிறகு ஒரு பெடியன் கத்தினான். எழும்பு. வயது இருபதைத் தாண்டியும் பெடியன்தனம் மாறாத மெல்லிய குரல், வரிகளின் நுனியில் ஒரு சிரிப்பு. தண்ணி வந்திட்டுது, எழும்பு, போவம். மூச்சு வாங்க நேரமில்லாமல் ஒரு வரி இன்னொரு வரியில் மிதித்துக்கொண்டு போயிற்று. சனம் விசில் அடித்தது. மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே போய், கடைசியில் யாரோ மேடையில் சிரிக்கும் சத்தத்தோடு முடிந்தது.

நானா போனைப் பார்த்தபடி இருந்தார்.

"இது அவன் இல்லை" என்றாள் மனைவி. திரும்பிக் குசினிக்குள் போனாள்.

எனக்கு விஷயம் உடனே பிடிபடவில்லை. நானாவோடு வாசலில் நின்று கதைத்தபோதுதான், கசெற்றை எதில் போட்டுக் கேட்டீர்கள் என்று அவர் கேட்டார். சைக்கிளில் என்றேன். ஆர் மிதித்தது என்றார். மிதிக்கவில்லை, கையால் சுற்றினாள் என்று சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. கரண்ட் காணாவிட்டால் மோட்டர் மெதுவாக ஓடும். நாடா மெதுவாக ஓடினால் பாட்டு இழுபடும், குரல் தடிக்கும். தளம்பினால் நாங்கள் கண்டுபிடித்திருப்போம். அவளுடைய கை தளம்பவில்லை. பிறகு இருந்து கணக்குப் பார்த்தேன். அவள் இப்போது பாடும் வேகம் போனில் கேட்டதில் அரைவாசியும் இல்லை. அவள் கை குறைத்தது மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். மிச்சத்தைச் செத்தவீடுகள் குறைத்தன.

என் தீர்ப்பு என்னவாயிற்று என்பதை நான் இங்கே பெரிதாக எழுதப்போவதில்லை. நான் துணிவு என்று புகழ்ந்தது ஒரு தையல்காரியின் கை. அவ்வளவு ஆழம் என்று நான் காட்டிய குரல் யாருடையதும் அல்ல. ஆனால் நானாவும் நானும் ஒன்றில் பொருந்திப்போனோம். குளத்துக் கோஷ்டி வான் பாய்ந்தது அந்தப் பாட்டில்தான். அவர் ஒரு பாட்டைச் சொன்னார், நான் வேறொன்றைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், இரண்டுக்கும் ஒரே சொற்கள்.

எனக்குப் பயம் வேறு இடத்தில் இருந்தது. தம்பியிடமிருந்து அவளிடம் மிஞ்சியது அந்தக் குரல் ஒன்றுதான். படம் இல்லை, உடுப்பு இல்லை, குண்டு விழுந்த இடத்தில் பொறுக்கியதற்குமேல் எரிக்கவும் ஒன்றும் இருக்கவில்லை. இத்தனை வருடம் அவள் மனதில் அவனுக்கு அந்தத் தடித்த குரல்தான். அவளோடு சேர்ந்து வயது போய்க்கொண்டிருந்த குரல். அதை நானா எடுத்துவிட்டார். பதிலுக்குத் தந்ததை அவள் வாங்கவில்லை. எழுபதை எட்டப்போகிற ஒரு மனுஷிக்கு இதைச் செய்திருக்கக் கூடாது, போனைக் கொண்டுவர நான் ஓமென்று சொல்லியிருக்கக் கூடாது என்று எனக்குள் பொருமிக்கொண்டு திரிந்தேன்.

ஐந்து நாள் அவள் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. சமைத்தாள், கோழிக்குத் தீன் போட்டாள், என் குளிசைகளை எண்ணி வைத்தாள். சீனி கூடிவிட்டதா என்று பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. ஆறாம் நாள் காலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பாராமலே கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, அந்த நானாவின்ரை பாட்டு உங்கடை போனிலை கிடக்கோ?"

கிடந்தது. அவர் அனுப்பியிருந்தார், நான் சொல்லாமல் வைத்திருந்தேன். குசினி யன்னலில் போனை வைத்துப் போட்டேன். அவள் கழுவிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் இன்னொருதரம் போடச் சொன்னாள். அன்று நான்கு தரம். மறுநாளும் நான்கு. மூன்றாம் நாள் நடுவில் நிறுத்தச் சொல்லி, கடைசி வரியைத் திரும்ப விடச் சொன்னாள். அந்த வரியில் அவன் போவம் என்பதை முடிக்காமல் சிரித்துவிடுகிறான். எனக்கு அது பிழையாகத்தான் பட்டது.

"என்னைப் பகிடி பண்ணிப்போட்டுக் கதவுக்குப் பின்னாலை நிண்டு சிரிக்கிற சிரிப்பு" என்றாள். "எனக்கு மறந்துபோச்சு. இவன் சின்னப்பெடியன் எண்டே எனக்கு மறந்துபோச்சு."

கொஞ்சநேரம் கழித்து, மற்றதும் தனக்குத் தேவை என்றாள். திவசத்துக்குத் தான் பாடுகிற மாதிரித்தான் பாடுவாளாம். பிறகு நானாவுக்குப் போன் எடுத்து, அவர் இஷ்டப்படி அடிக்கச் சொல்லும்படி என்னிடம் சொன்னாள். நான் சொன்னேன். அவர், அக்காவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ என்றார்.

விழா பள்ளிக்கூட மைதானத்தில் பின்னேரம் நாலு மணிக்கு என்று போட்டிருந்தார்கள். ஐந்தரைக்குத் தொடங்கியது. அது எனக்கு முதலே தெரியும், ஆனாலும் நாலுக்கே போய் இருந்தோம். ஒரு மேடைதான். கரைப்பாட்டு ஏழு வைத்தார்கள். நானாவின் முழங்கால் தாங்கியது. நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. கரைப்பக்கத்து நாயாற்றிலிருந்து ஒரு பஸ் நிறையச் சனம் வந்திருந்தது, எழும்பி ஆடினார்கள். பாடகரின் குரல் போய்விட்டது என்றுதான் நான் சொல்வேன். ஆனால் நானாவின் கை போகவில்லை. அதே கை.

எட்டாவது எங்கள் பாட்டு. குளத்துக் கோஷ்டியின் பாட்டு என்று அறிவித்ததும் குடியேற்றத்துச் சனம் அமைதியாகிவிட்டது. சில பெண்கள் முந்தானையை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு எது வரப்போகிறதென்று தெரியும். நானா குச்சிகளை நாலுதரம் தட்டித் தொடங்கினார்.

முதல் வரி முடியவில்லை. இடதுகரை வாய்க்காலடியில் இருக்கும் ஒரு பெரியவர் முன்வரிசையில் எழும்பி நின்றார். கடைசிச் சண்டையில் அவருடைய மூத்த மகன் போனபோது, பதுங்குகுழிப் பக்கத்தில் தாட்ட இடத்தில் இந்தப் பாட்டைப் பாடியவர்களில் என் மனைவியும் ஒருத்தி.

"நிப்பாட்டுங்கோ. இது செத்தவீட்டுப் பாட்டு. என்ரை பிள்ளைக்குப் பாடினது. இதை ஆட்டத்துக்கு அடிக்கிறியளோ?"

டிரம் நின்றது. பின்னாலிருந்தும் இரண்டு மூன்று பேர் அவரோடு சேர்ந்து கத்தினார்கள். முஸ்லிம் ஆளுக்கு எங்கடை பாட்டு எப்பிடித் தெரியும் என்று ஒரு குரல் கேட்டது. நானா குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தார். விழா குழம்பப்போகிறது, இவளை எப்படி வெளியே கொண்டுபோவது என்று நான் வாசலைப் பார்த்தேன். அதற்குள் அவள் எழும்பிவிட்டாள். மைக் கொடுக்க வந்தார்கள், வேண்டாம் என்றாள்.

"அண்ணை, அது என்ரை தம்பியின்ரை பாட்டு. அவன் இப்பிடித்தான் பாடினவன். இந்த நானா நேரை நிண்டு கேட்டவர், நான் கேக்கேல்லை. கரண்ட் இல்லாத நேரம் நான்தான் கையாலை மெல்லச் சுத்தினனான். எல்லாரும் அதைத்தான் பிடிச்சியள்."

பெரியவர் அவளையே பார்த்தார். "அப்ப என்ரை பிள்ளைக்குப் பாடினது என்ன?"

"அதுவும் பாட்டுத்தான். அது நான் உங்களுக்குத் தந்தது. அதை ஒருத்தரும் பறிக்கேல்லை." அவள் மேடைப் பக்கம் திரும்பினாள். "இது அவன்ரை. அடியுங்கோ நானா."

நானா உடனே அடிக்கவில்லை. பெரியவரைப் பார்த்தார். பிறகு குச்சிகள் நாலுதரம் தட்டின. பாட்டு ஓடத் தொடங்கியது. நாயாற்றுச் சனம்கூட ஆடாமல் இருந்து கேட்டது. என் மனைவி இருந்துகொண்டாள், என் கையைத் தன் கையிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெரியவர் பாட்டு முடியும்வரை கதிரையில் இருக்கவில்லை. போகவுமில்லை. முன்வரிசையில், பின்னால் இருப்பவர்களுக்கு மறைத்துக்கொண்டு, நின்றபடியே கேட்டார். அவரை இருக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.